சாய்ந்து நின்ற குளிர்ப்பெட்டி

நெருப்பு சுடும், பனி குளிரும். ஒன்றுக்கு மற்றொன்று பகை என்பதைப் பள்ளிக்குப் போகாத பிள்ளையும் அறியும். இருந்தும், அடியிலே ஒரு சிறு சுடரை ஏற்றிவைத்து, அச்சுடரின் வெம்மையினாலேயே மேலே பனிக்கட்டியை உறையச் செய்யும் பெட்டியொன்று ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக உலகில் வழங்கி வருகின்றது. பதுளையிலே பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியன் நான். வெப்பம் பற்றிய பாடத்தை எடுக்கும்போது ஆண்டுதோறும் இந்தப் பெட்டியைக் குறித்துச் சொல்வதுண்டு. மாணவர்கள் சிரிப்பார்கள். "அடுப்பு மூட்டி ஐஸ் செய்யலாமா சேர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் எழும். அந்தக் கேள்விக்கு விடை கூறுவதில் எனக்கு என்றுமே சலிப்பு ஏற்பட்டதில்லை.

இன்று அவ்விடையை வாசகர்களுக்கும் கூற விரும்புகிறேன். இந்தப் பெட்டி குளிராதபோது, பழுது பெட்டிக்குள்ளே இராமல் அது நிற்கும் நிலையிலோ, அதன் சுடரிலோ இருப்பதே பெரும்பான்மை. இதை அறியாமல் நல்ல பெட்டியைக் கழற்றி எறிந்து, உழைத்துச் சேர்த்த பணத்தையும் இழப்போர் உளர். அவ்வாறு இழக்கும் தறுவாயில் நின்ற ஒரு குடும்பத்தை அண்மையில் கண்டேன். அந்த அனுபவமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் பெட்டி இயங்கும் விதத்தைப் பார்ப்போம். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கின்றது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகின்றது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது பானையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றது. ஆகவே எஞ்சிய நீர் குளிர்கின்றது. இதே வேலையைத்தான் குளிர்ப்பெட்டிக்குள்ளே அமோனியா என்னும் பொருள் செய்கின்றது. நம் வீடுகளில் உள்ள சாதாரணக் குளிர்ப்பெட்டியில், ஆவியான பொருளை மின்மோட்டார் அமுக்கி மீண்டும் திரவமாக்குகின்றது. சுடரினால் இயங்கும் பெட்டியில் மோட்டாரும் இல்லை, அசையும் உறுப்பு ஒன்றேனும் இல்லை. அதன் பின்புறத்திலே மூடி முத்திரையிட்ட குழாய்களுக்குள் அமோனியா, நீர், ஐதரசன் ஆகிய மூன்றும் சுற்றிவருகின்றன.

அடியிலுள்ள சிறு கொதிகலத்தில் அமோனியா கரைந்த நீர் இருக்கின்றது. சுடர் அதைச் சூடாக்க, குமிழிகள் எழுகின்றன. சோற்றுப்பானை பொங்கும்போது குமிழிகள் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவதைப் பெண்கள் நாள்தோறும் காண்கிறார்கள். அவ்வாறே இக்குமிழிகளும் ஓர் ஒடுங்கிய குழாய் வழியே நீரைத் தூக்கிச் செல்கின்றன. மேலே சென்றதும் நீர் பிரிந்துவிடுகின்றது. அமோனியா ஆவி வெளிக்காற்றில் வெப்பத்தை இழந்து திரவமாகின்றது. அத்திரவம் பெட்டிக்குள்ளிருக்கும் குழாயினுள் இறங்குகின்றது. அங்கே ஐதரசன் நிறைந்திருக்கின்றது. உலர்ந்த காற்றில் ஈரத்துணி கொதிக்காமலே காய்வதுபோல, ஐதரசனுக்குள் அமோனியா விரைந்து ஆவியாகிப் பெட்டியைக் குளிரச் செய்கின்றது. பின்னர் அந்தக் கலவை கீழே இறங்க, முன்பு பிரிந்துபோன நீர் அமோனியாவை மறுபடியும் உறிஞ்சிக்கொள்கின்றது. ஐதரசன் மேலே திரும்புகின்றது. நீரும் அமோனியாவும் கொதிகலத்துக்கு மீள்கின்றன. ஓசையின்றி, ஓய்வின்றி இந்தச் சுற்று நடைபெறுகின்றது.

அமோனியாவையும் நீரையும் கொண்டு குளிர் உண்டாக்கலாம் என்பதை 1859ஆம் ஆண்டளவிலே பிரான்சு நாட்டின் பேர்டினண்ட் காரே காட்டினார். அதனோடு ஐதரசனைச் சேர்த்து, மோட்டாரே வேண்டாத வீட்டுப் பெட்டியாக்கியவர்கள் சுவீடன் நாட்டு இளைஞர் இருவர். பால்ட்சார் வொன் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் என்போர் ஸ்டொக்ஹோம் நகரில் பொறியியல் மாணவராக இருந்த காலத்தில், 1922இல், இதனை அமைத்தனர். 1925இல் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அல்பேர்ட் ஐன்ஸ்டைனும் அவருடைய நண்பர் லியோ சிலார்டும்கூட அசையும் உறுப்பில்லாத குளிர்ப்பெட்டியொன்றை அமைக்க முயன்று, 1930இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றனர். ஆயினும் வீடுகளுக்குள் புகுந்தது அந்த மாணவர் இருவரின் பெட்டியேயாகும்.

மின்சாரம் எட்டாத தேசங்களுக்கெல்லாம் இப்பெட்டி மண்ணெண்ணெய் விளக்கோடு சென்றது. ஆபிரிக்காவின் சிற்றூர்களிலும் அவுஸ்திரேலியாவின் தனிப் பண்ணைகளிலும் அது இருந்தது. தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குளிரில் காக்கவேண்டிய கிராமத்துச் சுகாதார நிலையங்களிலும் அது பணி புரிந்தது. நம்முடைய ஊவா மலைகளில் தோட்டத்துத் துரைமாரின் பங்களாக் குசினிகளில் அது நின்றது. பசறை, நமுனுகுல, ஹப்புத்தளைப் பக்கத்து முதியோர் சிலர் அதனை "எண்ணெய்ப் பிறிஜ்" என்று இன்றும் நினைவுகூர்வர். பங்களாவில் வேலை செய்த அப்புமாரும் கோக்கிமாரும் தவிர, தோட்டத்தில் ஏனையோர் அதனைக் கண்ணால் காண்பதே அரிது. லயத்துக் காம்பராவில் வாழ்ந்தவர்களுக்குக் குளிர்ந்த நீர் என்றால் பீலித் தண்ணீர்தான்.

மின்கம்பிகள் மலையேறிய பின்னர் எண்ணெய்ப் பெட்டி பங்களாவை விட்டு மறைந்தது. ஆனால் உலகை விட்டு மறையவில்லை. ஓசையில்லாத காரணத்தால் ஹோட்டல் அறைகளின் சிறு பெட்டிகளாக அது உயிர் வாழ்கின்றது. மேலைநாடுகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவோர், கட்டிலும் அடுப்பும் அமைந்த வீட்டு வண்டிகளில் செல்வர். அவ்வண்டிகள் பலவற்றில் இருப்பதும் இதே பெட்டியின் வழித்தோன்றலே. மண்ணெண்ணெய்க்குப் பதிலாக எரிவாயுச் சுடர். வேண்டும்போது சுடருக்குப் பதிலாக மின்சாரத்தால் சூடாகும் கம்பி. வண்டி ஓடும்போது பற்றரியிலிருந்து 12 வோல்ற், தங்குமிடத்தில் மின்னிணைப்பு இருந்தால் 230 வோல்ற், இரண்டும் இல்லாதபோது எரிவாயு என்று மூன்று வழிகளில் அதற்கு வெப்பம் ஊட்டலாம். வெப்பம் எவ்வழியில் வந்தாலும் குழாய்களுக்குள் நடக்கும் சுற்று ஒன்றுதான்.

அத்தகைய வீட்டு வண்டி ஒன்றைத்தான் என் பழைய மாணவர் ஒருவர் வாங்கியிருந்தார். பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பிறந்தவர். கொழும்பில் ஹோட்டல் வேலையில் இருந்தார். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் அந்த வேலை போயிற்று. ஊருக்கு மீண்டு, வாடகை வான் ஓட்டிச் சேர்த்த பணத்தோடு கடனும் பெற்று, வெளிநாட்டில் ஓடிய பழைய வீட்டு வண்டியொன்றை வாங்கினார். சுற்றுலாப் பயணிகளை எல்ல, ஹப்புத்தளை, அறுகம்பே என்று அழைத்துச் செல்வது அவருடைய தொழில். மாதம் தவறாமல் தவணை கட்டவேண்டும்.

ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"சேர், வண்டி நல்லாத்தான் ஓடுது. பிறிஜ்தான் குளிர மாட்டேங்குது. பத்து நாள்ல ஒரு குடும்பம் வருது. அதுல ஒரு அம்மா இன்சுலின் போடுறவங்க. முன்கூட்டியே கேட்டுட்டாங்க, பிறிஜ் சரியா வேலை செய்யுமான்னு."

நகரிலே ஒரு பாஸ் பெட்டியைப் பார்த்திருக்கிறார். "காஸ் முடிந்துவிட்டது. இதற்கு நிரப்ப முடியாது. கழற்றிவிட்டு பற்றரியில் ஓடும் மோட்டார்ப் பெட்டி போடுங்கள்" என்று கூறி, மூன்று இலட்சம் ரூபாய் கேட்டாராம். வீட்டுக் குளிர்ப்பெட்டிகளோடு பழகியவர் அவ்வாறு கூறியதில் வியப்பில்லை. அவர் அறிந்த பெட்டிகளில் காஸ் குறைவதுண்டு, நிரப்புவதும் உண்டு. முத்திரையிட்ட இப்பெட்டியிலோ காஸ் மெல்லக் குறைந்துபோவது அரிது. குழாய் வெடித்து ஒழுகினால் முழுவதும் போய்விடும். அமோனியாவின் கார நெடி மூக்கைத் துளைக்கும். குழாயைத் துருவிலிருந்து காக்க உள்ளே சேர்த்த உப்பு, பின்புறத்தில் மஞ்சள் கறையாகப் படியும். அப்படி ஏதேனும் உண்டா என்று வினவினேன். நெடியும் இல்லை, கறையும் இல்லை என்றார்.

"எப்போதுமே குளிர்வதில்லையா?" என்று கேட்டேன். அங்கேதான் துப்புக் கிடைத்தது. அறுகம்பேயில் மூன்று நாள் நின்றபோது பெட்டி நன்றாகக் குளிர்ந்ததாம். எல்லவிலும் தன் வீட்டருகிலும் நிறுத்திய இரவுகளில், வைத்த மீன் கெட்டுவிட்டதாம். கடற்கரையில் குளிர்ந்து மலையில் குளிராத பெட்டி! குளிர்ப் பிரதேசத்தில் அல்லவா அது எளிதாகக் குளிரவேண்டும்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாடசாலை ஆய்வுகூடத்து வெப்பமானி ஒன்றை அனுமதியோடு எடுத்துக்கொண்டு அவருடைய தோட்டத்துக்குச் சென்றேன். தோட்டப் பாதையோரத்தில், சரிவிலே வண்டி நின்றது. இஸ்தோப்பில் அவருடைய தாய்வழிப் பாட்டனார் உட்கார்ந்திருந்தார். எண்பத்தைந்து வயதைக் கடந்தவர். இருபத்தைந்து ஆண்டுகள் பங்களா அப்புவாக இருந்தவர் என்பதை அன்றுதான் அறிந்தேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைச் செவிமடுத்த முதியவர் பேரனைப் பார்த்து, "ராத்திரியில எங்கன நிப்பாட்டுற?" என்று கேட்டார்.

"இங்கதான் தாத்தா, ரோட்டோரத்துல."

"அப்புறம் எப்புடி அது குளிரும்? மொதல்ல ஒரு தட்டுல தண்ணிய வச்சுப் பாரு."

ஒரு தட்டையான தட்டில் விளிம்பளவாக நீர் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். நீர் ஒரு பக்கமாக வழிந்தது. முதியவர் தலையை அசைத்தார். பங்களாவில் நாள்தோறும் காலையில் அவர் செய்த முதல் வேலை அதுவாம். குசினித் தரை ஒரு புறம் தாழ்ந்திருந்தமையால் பெட்டியின் கால்களுக்குக் கீழே மரத் துண்டுகளைச் செருகி, தட்டிலுள்ள நீர் எப்பக்கமும் சாயாதவாறு வைப்பாராம்.

அவர் கண்டறிந்தது முற்றிலும் உண்மை. மோட்டார் இல்லாத பெட்டியில் திரவங்களைக் கீழே இறக்குவது பூமியின் ஈர்ப்பு ஒன்றே. குழாய்கள் மிகச் சிறிய சாய்வோடு வளைக்கப்பட்டவை. பெட்டி சாய்ந்தால் திரவம் இடையிலே தேங்கிவிடும், சுற்று நின்றுவிடும். அடியிலே சுடர் மட்டும் எரிந்துகொண்டிருக்க, கொதிகலம் வரம்பு மீறிச் சூடாகும். அந்நிலை பலகாலம் தொடர்ந்தால், துருவைத் தடுக்கும் உப்பு கட்டிபட்டுக் குமிழிக் குழாயை அடைத்துவிடும். பின்னர் பெட்டிக்கு மீட்சி இல்லை. வீட்டு வண்டிப் பெட்டிகள் பொதுவாகப் பக்கவாட்டில் மூன்று பாகை, முன்பின்னாக ஆறு பாகை வரையே சாய்வைப் பொறுக்கும். இருபது அடி நீளத்தில் ஓரடி உயரும் நிலமே ஏறத்தாழ மூன்று பாகைச் சாய்வு. நம் மலைப்பாதைகளில் அதற்குக் குறைந்த சரிவைத் தேடினாலும் காண்பது கடினம். வண்டி ஓடும்போது குலுக்கலினால் திரவங்கள் இப்புறமும் அப்புறமும் அசைந்து இறங்கிவிடும்; ஆகையால் ஏற்றத்தில் ஓடுவதனால் தீங்கில்லை. நிறுத்திய இடமே முக்கியம்.

ஆயினும் நான் ஒன்றைச் சிந்தித்தேன். அறுகம்பேயில் நிலம் சமமாக இருந்தது. அத்துடன் அங்கே வண்டிக்கு மின்னிணைப்பும் கிடைத்திருந்தது. மலையிலோ சாய்வும் இருந்தது, எரிவாயுவும் எரிந்தது. இரு நிலைமைகளுக்கும் இடையே வேறுபாடுகள் இரண்டு. இரண்டையும் ஒருங்கே மாற்றினால் உண்மையான காரணம் எதுவென்று தெரியாது. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றவேண்டும் என்பது ஆய்வுகூடத்தின் முதற் பாடம்.

ஆகவே எரிவாயுவை மாற்றாமல், வண்டியை மாத்திரம் மட்டப்படுத்தினோம். தாழ்ந்த பக்கத்துச் சில்லுகளின் கீழ் பலகைகளை அடுக்கி, தட்டு நீர் அசையாது நிற்கும்வரை வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தினார் மாணவர். பின்பு ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டுப் பெட்டியின் நடுத்தட்டில் வைத்தோம். பெட்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலை கதவைத் திறந்தவுடனே ஏறிவிடும். நீரின் வெப்பநிலையே நம்பத்தக்கது. இந்தப் பெட்டிக்குப் பொறுமையும் வேண்டும். மோட்டார்ப் பெட்டியைப்போல ஓரிரு மணியில் பலன் தராது. பன்னிரண்டு மணி நேரமேனும், சிலவேளை ஒரு முழு நாளும் எடுக்கும். முந்திய இரவுகளில் 17 பாகை வரையில் நின்ற நீர் மறுநாட் காலையில் 11 பாகைக்கு இறங்கியிருந்தது. முதியவர் சொன்னது நிலைநாட்டப்பட்டது. ஆனால் 11 பாகை இன்சுலினுக்குப் போதாது. திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைத்தல் வேண்டும். உறைந்துபோனாலோ அதனைப் பயன்படுத்தவே கூடாது.

அடுத்து, வண்டியைப் பதுளைக்குக் கொண்டுவந்து என் வீட்டுச் சீமெந்து முற்றத்தில் மட்டமாக நிறுத்தி, மின்னிணைப்பைக் கொடுத்தோம். விடியும்போது வெப்பமானி 5 பாகை காட்டியது. இதனால் பெரியதோர் உண்மை தெளிவாயிற்று. குழாய்களும் அவற்றுக்குள் இருக்கும் பொருள்களும் பழுதற்றவை. மின்சாரத்தில் குளிரும் பெட்டி எரிவாயுவில் குளிராவிட்டால், குற்றம் சுடரிலே இருக்கவேண்டும். எவ்வழியில் சூடாக்கினாலும் குளிராவிட்டால் மாத்திரமே குழாய்த் தொகுதியை ஐயுற வேண்டும். இச்சிறு சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை. மூன்று இலட்சம் ரூபாயை அது காத்தது.

சிலிண்டரை மூடி, எல்லாம் ஆறிய பின்னர், வண்டியின் வெளிப்புறத்தில் உள்ள காற்றுத் தட்டியைக் கழற்றினோம். உள்ளே குளவியொன்று மண்கூடு கட்டியிருந்தது! தோட்டத்து மக்களுக்குக் குளவியின் கொடுமையைச் சொல்லவேண்டியதில்லை. கொழுந்து மலையில் கொட்டும் குளவி வேறு. இது சுவரிலும் குழாயிலும் மண் அப்பும் சாதி. பாவம், அதற்குத் தெரியுமா அது சுடருக்குக் காற்று புகும் வாய் என்று? காற்றுக் குறைந்தமையால் சுடர் மஞ்சளாக எரிந்து, புகைக்குழாய் முழுவதும் கரி படிந்திருந்தது. அக்குழாய்க்குள்ளே ஒரு சுருள் தகடு தொங்குகின்றது. சூடான புகையைச் சுழலச் செய்து, வெப்பத்தைக் கொதிகலத்துக்கு ஊட்டுவது அதன் வேலை. அதுவும் கரியால் மூடியிருந்தது.

கூட்டைச் சுரண்டி எடுத்தோம். சுருள் தகட்டை வெளியே எடுத்துத் துடைத்தோம். போத்தல் கழுவும் நீண்ட தூரிகையால் புகைக்குழாயின் கரியை மேலிருந்து கீழாக நீக்கினோம்; கரி சுடர் முனையில் விழாதபடி கீழே துணி வைத்துக்கொண்டோம். எரிவாயு வெளிவரும் முனையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளை உண்டு. அதனை ஊசியாலோ கம்பியாலோ குத்தலாகாது. துளை சிறிது பெருத்தாலும் சுடர் கெட்டுவிடும். மதுசாரத்தில் ஊறவைத்து, ஊதி உலர்த்துவதே முறை. எல்லாவற்றையும் பூட்டிய பின்னர், இணைப்புகளிலே சவர்க்கார நுரையைத் தடவி, குமிழி எழுகின்றதா என்று பார்த்தோம். எழவில்லை. பிறகே சுடரை ஏற்றினோம். அது நீல நிறமாக, அடங்கிய ஓசையோடு நிமிர்ந்து எரிந்தது. மறுநாட் காலையில் எரிவாயுவிலேயே 4 பாகை.

மஞ்சட் சுடரைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். காற்றுப் போதாமல் எரியும் சுடர் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. வீட்டு வண்டி என்பது குடும்பம் கதவடைத்து உறங்கும் இடம். சுடரின் புகை வண்டியின் வெளியே போகும்படி அமைந்திருந்தாலும், காற்றுத் தட்டிகளைத் துணியாலும் பலகையாலும் அடைப்போர் உளர். மலைக் குளிருக்கு அஞ்சி அதனைச் செய்யவே கூடாது. அவ்வாறே அமோனியா நெடி வந்தால், சுடரை அணைத்து, சிலிண்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியேறவேண்டும். ஒழுகும் குழாயில் ஐதரசனும் உண்டு. அது எளிதில் தீப்பற்றும். அந்நிலையில் தொகுதியை முழுதாக மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

வேலை முடிந்த மாலை, முதியவரோடு சிறிது நேரம் பேசியிருந்தேன். பங்களாப் பெட்டியின் திரியை நாள்தோறும் கத்தரியால் மட்டமாக வெட்டியதையும், தரையில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, குனியாமலே சுடரின் நிறத்தைப் பார்த்ததையும் சொன்னார். ஒருமுறை பெட்டி முற்றாகக் குளிராமல் நின்றபோது, நான்கு பேர் சேர்ந்து அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு நாள் விட்டு நிமிர்த்தினார்களாம், மீண்டும் குளிர்ந்ததாம். எண்ணெய்ப் பெட்டி வைத்திருந்தோர் உலகின் பல பாகங்களிலும் கைக்கொண்ட வழி அது. தேங்கி நின்ற திரவங்கள் இடம் மாறி, ஒழுங்காகச் சேர அது உதவும். எப்போதும் பலிக்கும் என்பதில்லை. உப்புக் கட்டிபட்ட குழாய் அதனால் திறந்துவிடாது.

"இதையெல்லாம் யார் சொல்லித் தந்தார்கள்?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லித் தருவா மாஸ்டர்? அது குளிரலேன்னா தொரை ஏசுவாரு. பாத்துப் பாத்துப் படிச்சதுதான்."

பின்னர் அவர் குரல் தணிந்தது. மகள் சிறு பிள்ளையாய் இருந்தபோது கடுங்காய்ச்சல் கண்டதாம். டிஸ்பென்சரி தூரம். துரைசாணியிடம் கெஞ்சி ஐஸ் கட்டிகள் சில வாங்கி, துண்டிலே முடிந்துகொண்டு லயத்துக்கு ஓடினாராம். பங்களாவிலிருந்து இறங்கி வருவதற்குள் பாதி கரைந்துவிட்டதாம். மீதியைப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாராம். "நா காத்த பெட்டியில எம் புள்ளைக்குக் கெடைச்சது அம்புட்டுத்தான்" என்றார். அந்தப் பிள்ளைதான் என் மாணவரின் தாய். அவர் எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தந்தையின் தோளிலிருந்து வழுவிய போர்வையைச் சரி செய்தார்.

மாணவருடைய வண்டி குறித்த நாளில் புறப்பட்டது. இப்பொழுது அதற்குள் ஒரு தட்டும், நான்கு மரப்பலகைகளும், ஒரு தூரிகையும், ஒரு வெப்பமானியும் நிரந்தரமாக இருக்கின்றன. இரவு தங்கும் இடத்தைத் தெரிந்தெடுக்கும்போது, காட்சிக்கு முன்னர் மட்டத்தைப் பார்க்கிறார். மாதத்துக்கு ஒருமுறை காற்றுத் தட்டியைத் திறந்து குளவி வந்ததா என்று நோக்குகிறார். கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு தாளைச் செருகிக் கதவை மூடி இழுத்துப் பார்க்கிறார். தாள் தளர்ந்து வந்தால் அவ்விடத்தால் குளிர் வெளியேறுகின்றது என்று பொருள். சூடான உணவை உள்ளே வைப்பதில்லை. புறப்படுவதற்கு முதல்நாளே பெட்டியை இயக்கிவிடுகிறார். ஆயிரம் மீற்றருக்கு மேலான இடங்களில் காற்று ஐதாக இருப்பதால் எரிவாயுச் சுடர் தடுமாறலாம். ஹப்புத்தளையோ ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆதலால் அங்கே மின்னிணைப்புள்ள தங்குமிடத்தையே நாடுகிறார்.

வாசகர்களுள் வீட்டு வண்டி வைத்திருப்போர் மிகச் சிலராகவே இருப்பர். ஆயினும் பழுதென்று ஒரு பொருளைத் தள்ளிவிடும் முன்னர், அது நிற்கும் நிலம் சமமானதா, அதற்கு வேண்டிய காற்றும் கனலும் கிடைக்கின்றனவா என்று பார்ப்பது எல்லார்க்கும் உரிய பாடம். வகுப்பறையிலே ஒரு பிள்ளை மந்தமாக இருக்கும்போதும் அதனை நினைத்துக்கொள்கிறேன். சரிவிலே நிறுத்திவிட்டுக் குளிரவில்லை என்று கோபிப்பதில் நியாயம் இல்லை.

மற்றொன்றும் சொல்லவேண்டும். துரைமார் எழுதிய நூல்களில் பங்களாவின் பூந்தோட்டமும் விருந்தும் இடம்பெறும். குளிர்ந்த பானம் வந்தது என்றும் இருக்கும். அதைக் குளிரவைத்த கையைப் பற்றி ஒரு வரி இருப்பது அரிது. திரி வெட்டிய அப்புமார், தேயிலைத் தொழிற்சாலையில் பொறி காத்தவர்கள், மருந்தறையில் துணை நின்றவர்கள் ஆகியோர் அறிந்தவை பலவும் எந்தப் புத்தகத்திலும் ஏறாமல் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இஸ்தோப்பிலே அப்படியொரு முதியவர் அமர்ந்திருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அருகே ஒரு கொப்பியோடு உட்காருங்கள். என்ன வேலை செய்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடாமல், அதை எப்படிச் செய்தீர்கள் என்றும் கேளுங்கள்.